அத்தியாயம் 7: ஏரி நிறைந்தும் கடைமடை காய்வது ஏன்?

“இன்டகிரேட்டட் கிராபிக்ஸா? அதில் பெரிய கேம் எதுவும் ஓடாது” என்பது கணினிக் கடைகளில் வெகு காலமாக வழங்கிவரும் தீர்ப்பு. பிராசஸரோடு ஒட்டிப் பிறந்த கிராபிக்ஸ் என்றாலே ஊனம் என்று அதற்குப் பொருள். 2013 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 4-ஐத் திறந்து பார்த்தால் இந்தத் தீர்ப்பு ஆட்டம் காணும். அதற்குள் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஏஎம்டி வடிவமைத்த ஒரே சில்லுக்குள் பிராசஸரும் கிராபிக்ஸும் சேர்ந்தே இருந்தன. பிளேஸ்டேஷன் 5-உம் அப்படித்தான். ஒரே சில்லுக்குள் இருப்பதுதான் குறை என்றால் அந்தப் பெட்டிகளில் எந்தப் பெரிய கேமும் ஓடியிருக்கக் கூடாது. அப்படியானால் நம் மேசையில் இருக்கும் கணினிக்கு என்ன குறை? பிளேஸ்டேஷன் 4-இன் 8 ஜிபி நினைவகம் ஜிடிடிஆர்5 வகையைச் சேர்ந்தது, வினாடிக்கு 176 ஜிபி தரவைக் கடத்தவல்லது. டிடிஆர்4-3200 ரேம் ஸ்டிக் ஒன்றை மட்டும் செருகி விற்கப்படும் கணினி வினாடிக்கு 25.6 ஜிபிதான் கடத்தும், அதாவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. ஆகவே இன்டகிரேட்டட் கிராபிக்ஸில் கனமான கேம்களை ஓட்ட நினைப்பவர் தன் பணத்தையும் நேரத்தையும் முதலில் செலவிட வேண்டிய இடம் நினைவகப் பாதை. செட்டிங்ஸ், டிரைவர், மென்பொருள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

பாதை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கால் பார்த்துவிடலாம். 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. இக்கால கேம்கள் ஒரு புள்ளியின் நிறத்தைக் கணக்கிடும்போது அதை 8 பைட் அளவில் நினைவகத்தில் வைப்பது வழக்கம். முழுத் திரையையும் ஒரு முறை எழுத 16.6 எம்பி, திரும்பப் படிக்க இன்னொரு 16.6 எம்பி. வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரே ஒரு எழுத்து, ஒரே ஒரு வாசிப்புக்கு 2 ஜிபி ஆகிறது. ஒரு ஃபிரேம் உருவாவதற்குள் இப்படிப் பல சுற்றுகள் நடக்கும்: பரப்புகளின் விவரம், ஒளி, மூலை முடுக்குகளின் மங்கல், புகை, கண்கூச்சம், நிறத் திருத்தம். போதாததற்கு டெக்ஸ்ச்சர்களைப் படிக்க வேண்டும். நிழல்களை எழுதிப் படிக்க வேண்டும். பிராசஸரும் இதே பாதையில் தன் பங்கைக் கேட்கும். நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும் உத்திகளும் சில்லுக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகமும் இந்தச் செலவைக் கொஞ்சம் குறைக்கின்றன என்பது உண்மையே. ஆனாலும் 25.6 ஜிபி என்பது ஏட்டில் உள்ள உச்சம். நடைமுறையில் அதுகூட முழுமையாகக் கிடைக்காது. கிராபிக்ஸ் பகுதியில் உள்ள நூற்றுக்கணக்கான கணக்கிடும் கூறுகள் தரவு வந்து சேருமா என்று காத்துக் கிடக்கின்றன. ஏரியில் நீர் இருந்தும் வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடை வயல் காயும் என்பதை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணினி வாங்குபவருக்கு மட்டும் ஏரியின் கொள்ளளவை, அதாவது ரேம் எத்தனை ஜிபி என்பதை மட்டுமே சொல்லிப் பழக்கிவிட்டார்கள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு என்விடியா நிறுவனமே ஒரு சோதனையை நடத்திக் காட்டியிருக்கிறது. 2017-இல் ஜிடி 1030 என்ற சிறிய கார்டு ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. கடத்தும் வேகம் வினாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில், அதே 384 கணக்கிடும் கூறுகளோடு, சாதாரண டிடிஆர்4 நினைவகம் பொருத்திய இன்னொரு கார்டு வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி. கூறுகளின் கடிகார வேகம் சிறிதளவே குறைக்கப்பட்டிருந்தது. ஆனால் பல கேம்களில் இரண்டாவது கார்டு முதல் கார்டின் பாதி அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே பெயரில் இரண்டையும் விற்றது நியாயமா என்பது வேறு கதை. இன்டெல் இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் நடந்துகொண்டது. 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்களில் உள்ள கிராபிக்ஸுக்கு ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று பெயர் வைத்தார்கள்; ஆனால் நினைவகம் இரட்டைச் சேனலில், அதாவது ஒன்றுக்குப் பதில் இரண்டு பாதைகளில், இருந்தால்தான் அந்தப் பெயருக்கு உரிமை என்று விதித்தார்கள். அதே லேப்டாப்பில் ஒற்றை ரேம் ஸ்டிக் மட்டும் இருந்தால் விண்டோஸில் ‘யுஎச்டி கிராபிக்ஸ்’ என்ற பழைய பெயரே தெரியும். பாதை பாதியானால் பொருளே வேறு என்று தயாரித்தவரே ஒப்புக்கொண்ட பிறகு நாம் வாதாடிப் பயனில்லை.

ஏஎம்டியின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2024 தொடக்கத்தில் வந்த ரைசன் 5 8600ஜி-யில் 8 கிராபிக்ஸ் கூறுகள் (இங்கே கூறு என்பது கணக்கிடும் கூறுகள் பல சேர்ந்த ஒரு தொகுதி). ரைசன் 7 8700ஜி-யில் 12. ஒன்றரை மடங்கு கூறுகள் இருந்தும் ஆட்டத்தில் கிடைக்கும் ஃபிரேம்கள் ஒன்றரை மடங்காகவில்லை, வித்தியாசம் அதைவிட வெகுவாகக் குறைவு. காரணம், இரண்டுக்கும் பாதை ஒன்றே. 2025-இல் 40 கூறுகள் கொண்ட ‘ரேடியான் 8060எஸ்’ கிராபிக்ஸை ஒரே சில்லுக்குள் வைக்க முடிவு செய்தபோது அவர்கள் நினைவகப் பாதையையும் இரு மடங்கு அகலமாக்கி, வினாடிக்கு 256 ஜிபி கடத்தும்படி செய்தார்கள். வயலை விரிப்பதற்கு முன் வாய்க்காலை வெட்டினார்கள். இந்தக் காரணத்தால்தான், ஒரே ஒரு 16 ஜிபி ரேம் ஸ்டிக் போட்ட 8700ஜி கணினியை விட இரண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்ட 8600ஜி கணினியை வாங்குவதே கேம் ஆடுபவருக்கு லாபம்.

இனி உங்கள் கணினிக்கு வருவோம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் நினைவகத்தைச் சொடுக்கினால் ரேமின் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று என்று காட்டினால், அடுத்த ஸ்லாட்டில் அதே அளவும் அதே வேகமும் கொண்ட இன்னொரு ஸ்டிக்கைச் செருகுவதுதான் இந்தப் புத்தகம் முழுவதிலும் சொல்லப்படும் வைத்தியங்களில் முதன்மையானது. மேசைக் கணினியின் மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். முதல் இரண்டு ஸ்லாட்டில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துகொள்ளும், செலவழித்த பணம் வீண். செருகியதோடு வேலை முடிவதில்லை. டிடிஆர்4-3200 என்று அச்சிட்ட ஸ்டிக்குகள் பல, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கும்வரை 2133 வேகத்திலேயே ஓடும். அந்த நிலையில் இரட்டைச் சேனலில் கிடைப்பது வினாடிக்கு 34.1 ஜிபி, இயக்கிவிட்டால் 51.2 ஜிபி. காசு கொடுத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கை அனுபவிக்காமலே பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் உண்டு. டிடிஆர்5-இல் ஏஎம்டி மதர்போர்டுகளில் இந்த அமைப்புக்கு எக்ஸ்போ என்று பெயர். டிடிஆர்5-இல் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதன் ஒவ்வொரு ஸ்டிக்கும் உள்ளுக்குள் இரண்டு 32-பிட் பாதைகளாகப் பிரிந்திருப்பதால், சில மென்பொருள்கள் ஒற்றை ஸ்டிக்கையே ‘2 × 32-பிட்’ என்று காட்டும். இதைக் காட்டி “ஏற்கெனவே டூயல் சேனல்தான் சார்” என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். டிடிஆர்5-5600 ஸ்டிக் ஒன்று கடத்துவது 44.8 ஜிபி, இரண்டு சேர்ந்தால் 89.6.

லேப்டாப்பில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை; எல்பிடிடிஆர்5 வகை நினைவகம் கொண்ட மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் பாதை முழு அகலத்தோடுதான் இருக்கும், கவலையும் வேண்டாம். பாதி பற்றவைத்து ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருக்கும் மாடல்களில் அந்த ஸ்லாட்டை நிரப்புங்கள். மலிவு விலைச் சிறு கணினிகளில் வரும் இன்டெல் என்100 போன்ற பிராசஸர்கள் ஒற்றைச் சேனலை மட்டுமே ஏற்கும். கேம் ஆட எண்ணமிருந்தால் அவற்றை வாங்கவே வாங்காதீர்கள்.

இந்த இடத்தில் மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, “16 ஜிபி ரேம் இருக்கிறதே, அது போதாதா?” என்பது. கொள்ளளவும் வேண்டும், மறுக்கவில்லை. விண்டோஸ் மொத்த ரேமில் பாதி வரை கிராபிக்ஸுக்குக் கடன் கொடுக்கும். 8 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் கிராபிக்ஸும் விண்டோஸும் எடுத்துக்கொண்ட பிறகு கேமுக்கு மிஞ்சுவது சொற்பம். அப்போது தரவு எஸ்எஸ்டிக்குப் போய் வந்து, ஆட்டம் திக்கித் திக்கி நிற்கும். ஆகவே 16 ஜிபி தேவை; அது 8-உம் 8-உமாக இருக்க வேண்டும். இரண்டாவது மறுப்பு விலை பற்றியது. ரேம் விலை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை; 2025 இறுதியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் கடுமையாக ஏறியது. அப்படிப்பட்ட காலத்தில் பழைய ஸ்டிக்குக்குப் பொருந்தும் பயன்படுத்திய ஸ்டிக் ஒன்றைத் தேடுவது தவறில்லை. நினைவகத்தில் தேய்ந்துபோகும் அசையும் பாகம் எதுவும் கிடையாது, வாங்கியதும் ஓர் இரவு சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும். மூன்றாவது மறுப்புதான் வலுவானது: “அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்டே வாங்கிவிடலாமே?” மேசைக் கணினி வைத்திருப்பவர், பவர் சப்ளை தாங்கும் என்றால், தாராளமாக வாங்கலாம். ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டுகூட 128 ஜிபி வேகத்தில் ஓடும் சொந்த நினைவகத்தோடு வருகிறது. இந்த அத்தியாயம் முழுவதையும் கடைப்பிடித்தாலும் டிடிஆர்4 கணினி அதை எட்டாது. ஆனால் லேப்டாப்காரர்களுக்கு அந்த வழி அடைபட்டது. இந்த அத்தியாயம் முக்கியமாக அவர்களுக்கானது.

பாதையை அகலப்படுத்த முடிந்தவரை அகலப்படுத்திய பின், அதில் போகும் சுமையைக் குறைக்க வேண்டும். சுமையைத் தீர்மானிக்கும் முதல் காரணி புள்ளிகளின் எண்ணிக்கை. 2022-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் இதற்கு நல்ல பாடம். அதில் இருப்பது 8 கூறுகள் மட்டுமே கொண்ட இன்டகிரேட்டட் கிராபிக்ஸ். சில்லு முழுவதற்கும் 15 வாட்தான் உச்ச வரம்பு. ஆனாலும் எல்டன் ரிங், சைபர்பங்க் 2077 போன்ற கேம்கள் அதில் ஓடுகின்றன. வால்வ் இரண்டு இடங்களில் புத்தியைச் செலவழித்தது: நினைவகத்துக்கு 88 ஜிபி பாதை கொடுத்தது, திரையை 1280×800 அளவில் நிறுத்தியது. அந்தத் திரையில் உள்ளவை சுமார் 10 லட்சம் புள்ளிகள், முழு எச்டியில் பாதி. “என் லேப்டாப் திரை முழு எச்டி, அதில் 720-ஐ வைத்தால் எழுத்தெல்லாம் மங்கிவிடுகிறதே” என்பது நியாயமான புகார். மங்குவதற்குக் காரணம், 1080 என்பது 720-இன் ஒன்றரை மடங்கு. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக நீட்ட முடியாமல் திரை தடுமாறுகிறது. திரையின் ரெசல்யூஷனைத் தொடாமல், கேமின் உள்ளே இருக்கும் ரெண்டர் அளவை மட்டும் குறைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2, இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் ஆகியவை செய்வது அதைத்தான்: காட்சியைச் சிறிதாக வரைந்து, முந்தைய ஃபிரேம்களின் தகவலையும் சேர்த்துப் பெரிதாக்கும், எழுத்தும் வரைபடமும் மட்டும் முழு அளவிலேயே வரையப்படும். 1080 திரையில் எஃப்எஸ்ஆர் ‘குவாலிட்டி’ என்றால் உள்ளே வரைவது 1280×720; ‘பெர்ஃபாமன்ஸ்’ என்றால் 960×540. பின்னதில் இலைகளும் கம்பி வேலிகளும் மினுமினுக்கும். பொறுத்துக்கொள்ள முடிந்தால் சரி.

எஃப்எஸ்ஆர் 3-உடன் 2023-இல் வந்த ஃபிரேம் ஜெனரேஷனை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருகுகிறது. அடிப்படையில் 60 ஃபிரேம் கிடைக்கும் இடத்தில் பயன்படுத்தவே ஏஎம்டி பரிந்துரைக்கிறது. 25 ஃபிரேமில் தவிக்கும் கணினியில் அதை இயக்கினால் எண் 50 ஆகலாம். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கும் வாள் சுழல்வதற்கும் இடையே உள்ள தாமதம் குறையாது, கூடவே செய்யும். அந்தச் செருகல் வேலைக்கும் அதே குறுகிய பாதைதான் செலவாகிறது.

செட்டிங்ஸ் பக்கத்தில் எதைக் குறைப்பது என்பதற்கும் பாதைக் கணக்கே வழிகாட்டும். நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி விழும் திசையிலிருந்து காட்சியை இன்னொரு முறை வரைந்து ஒரு நிழல் வரைபடம் உருவாக்கப்படுகிறது. அது 4096×4096 அளவில், புள்ளிக்கு 4 பைட்டில் இருந்தால் 67 எம்பி; 2048 என்றால் 16.8 எம்பி. பெரிய திறந்தவெளி கேம்களில் இப்படி மூன்று நான்கு வரைபடங்கள் இருக்கும். நிழலை ‘அல்ட்ரா’விலிருந்து ‘மீடியம்’ ஆக்கும்போது கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் குறையாது, சுமை நாலில் ஒன்றாகக்கூட இறங்கலாம். புகை, மூடுபனி, வெடிப்பு ஆகியவை அடுத்த எதிரிகள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் கண்ணாடி போன்ற படலங்கள் ஒவ்வொன்றுக்கும் அதே புள்ளியைப் படித்து, கலந்து, திரும்ப எழுத வேண்டும். அமைதியான தெருவில் 45 ஃபிரேம் காட்டிய கேம் குண்டு வெடித்ததும் 20-க்கு விழுவது இதனால்தான். ஆகவே எந்த மாற்றத்தையும் முதல் அறையில் நின்று சோதிக்காதீர்கள். ஆட்டத்திலேயே அதிகப் புகை கிளம்பும் இடத்தில் சோதியுங்கள். ஓரங்களின் பிசிறை மழுப்பும் எம்எஸ்ஏஏ இருந்தால் அணைத்துவிடுங்கள். டெக்ஸ்ச்சரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ‘லோ’வில் தள்ள வேண்டாம், 16 ஜிபி இருக்கும்போது ‘மீடியம்’ பெரும்பாலும் தாங்கும், முகங்களும் சுவர்களும் களிமண் போலத் தெரியாது. சைபர்பங்க் 2077-இன் செட்டிங்ஸில் ‘ஸ்டீம் டெக்’ என்ற பெயரிலேயே ஓர் அமைப்பு உண்டு. அதை எழுதியவர்கள் உங்களுக்காக இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

பாதைக்கு அடுத்தபடியாகப் பகிரப்படுவது மின்சாரம். 15 வாட் லேப்டாப்பில் பிராசஸர் துள்ளிக் குதித்து 10 வாட்டை விழுங்கினால் கிராபிக்ஸுக்கு மிஞ்சுவது 5. வினாடிக்கு 47, 38, 52 என்று அலைபாயும் ஃபிரேம்களை கேமின் உள்ளேயே 30-இல் கட்டிப்போட்டால் இரண்டுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் 33.3 மில்லிவினாடி என்ற சீரான தாளத்தில் வரும். 40 ஃபிரேம் இன்னும் இனிமை, 25 மில்லிவினாடி. ஆனால் 40 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஓடும் திரையில்தான் அது ஒத்துவரும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 தாளம் தப்பும். விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச வரம்பை 99 சதவீதமாக வைத்தால் டர்போ நின்றுவிடும். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் அந்த மிச்சம் கிராபிக்ஸுக்குப் போய்ச் சேரும். விநோதமான வைத்தியம்தான், ஆனால் காசில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் 38 டிகிரி அறையில், மெத்தைமேல் வைத்து ஆடினால் இவை எதுவும் உதவாது. சார்ஜரைச் செருகி, பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வையுங்கள்.

பயாஸில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கினால் வேகம் கூடும் என்றொரு நம்பிக்கை பரவலாக உண்டு. ஒதுக்கீடு எவ்வளவானாலும் அதே ரேம், அதே பாதை. நினைவகம் போதவில்லை என்று ஏதாவது ஒரு கேம் திறக்கவே மறுத்தால் மட்டும் அதைக் கூட்டுங்கள். மொத்தமே 8 ஜிபி உள்ள கணினியில் தொடாதீர்கள். ‘கேம் பூஸ்டர்’ மென்பொருள்களைப் பற்றிப் பேச இங்கே இடத்தை வீணாக்க விரும்பவில்லை. வாய்க்காலை அகலப்படுத்தும் மென்பொருள் எதுவும் இல்லை.

எல்லாம் செய்தும் ஓடாத கேம்கள் உண்டு. அங்கே சிக்கல் வேகம் சம்பந்தப்பட்டதல்ல. சில்லுக்குள் அந்த வசதியே இருக்காது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ரைசன் 5 5600ஜி-யில் உள்ள வேகா கிராபிக்ஸிலும் 11-ஆம் தலைமுறை ஐரிஸ் எக்ஸ்இ-யிலும் அது கிடையாது. எத்தனை ரேம் செருகினாலும் வராது. வாங்குவதற்கு முன் கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் ரே டிரேசிங் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல் இல்லாமல், மற்றபடி சந்தேகமாக இருந்தால் ஸ்டீமில் வாங்கிச் சோதிக்கலாம்: வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். கேம் முதல் முறை திறக்கும்போது ஷேடர்களைத் தயாரிக்க எடுத்துக்கொள்ளும் நேரமும் அந்த 2 மணியில் சேரும் என்பதால், கடிகாரத்தில் ஒரு கண் வைத்திருங்கள்.